யுலிஸீஸ் கிராண்ட்: ஜெனரலாக வென்றவர் அதிபராகத் தோற்றாரா?

கேள்வி இதுதான்: “அமெரிக்க உள்நாட்டுப் போரை ஜெயித்துக் கொடுத்த ஜெனரல் கிராண்ட், அதிபரானதும் சொதப்பிவிட்டார் என்கிறார்கள். குடிகாரர், வீரர்களைப் பலி கொடுத்தவர், ஊழல் ஆட்சி நடத்தியவர் என்றெல்லாம் படித்தேன். எது உண்மை? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?”

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராண்ட் ஆட்சியில் ஊழல் நடந்தது உண்மை. அதில் அவர் காசு பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் பெயர் நூறு வருஷம் கெட்டுக் கிடந்ததற்குப் பெரிய காரணம் வேறு. விடுதலையான கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க ராணுவத்தையும் நீதிமன்றத்தையும் அனுப்பிய அதிபர் அவர். அதை வெறுத்தவர்கள்தான் பின்னாளில் அந்தக் காலத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் எழுதினார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும்.

1822 ஏப்ரல் 27 அன்று ஒஹாயோ மாநிலத்தின் பாயின்ட் ப்ளசன்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி தோல் பதனிடும் பட்டறை வைத்திருந்தார். பையனுக்கு அந்த ரத்த வாடையே ஆகாது. வாழ்நாள் முழுக்க, இறைச்சி நன்றாகக் கருகும்வரை வெந்தால்தான் சாப்பிடுவார். லட்சக்கணக்கானவர்கள் மோதிய போரை நடத்தியவருக்குத் தட்டில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் சாப்பாடு இறங்காது. குதிரைகள் என்றால் உயிர். எவ்வளவு முரட்டுக் குதிரையும் அவரிடம் அடங்கிவிடும். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு அப்பாவின் ஏற்பாட்டில்தான் போனார், ஆசைப்பட்டுப் போகவில்லை. 1843-இல் 39 பேர் தேறிய வகுப்பில் 21-ஆவது இடம்.

அடுத்து மெக்சிகோ போர், 1846 முதல் 1848 வரை. இளம் லெப்டினன்டாக நன்றாகச் சண்டை போட்டார். உணவு, கழுதை, வண்டி என்று படைக்கு வேண்டியதைத் திரட்டும் குவார்ட்டர்மாஸ்டர் வேலையையும் பார்த்தார். பிற்காலத்தில் அவர் சேனைகள் பட்டினி கிடக்காமல் ஓடியதற்கு இந்த அனுபவம்தான் அடித்தளம் என்பது என் எண்ணம். அந்தப் போரையே, பலமான நாடு பலவீனமான நாட்டின்மீது தொடுத்த மிக அநியாயமான போர்களில் ஒன்று என்று பின்னால் எழுதி வைத்தார். தனக்குக் கௌரவப் பதவி உயர்வுகள் வாங்கித் தந்த போரைப் பற்றி ஒரு படைத்தலைவர் இப்படி எழுதுவது அபூர்வம்.

1848-இல் ஜூலியா டென்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் மிசௌரியில் அடிமைகளை வைத்திருந்த பண்ணைக்காரர். கிராண்டின் பெற்றோர் அடிமை முறையை எதிர்ப்பவர்கள், கல்யாணத்துக்கே வரவில்லை. 1852-இல் படையோடு மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டி வந்தது. கர்ப்பிணி மனைவியை விட்டுப் பிரிந்து, காலராவில் ஆட்கள் மடிய மடிய பனாமாவைக் கடந்து கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தார். தனிமை, குடும்ப ஏக்கம், அப்புறம் குடி. 1854-இல் ராஜினாமா செய்தார். குடித்துவிட்டுப் பணியில் இருந்ததால் அவராக விலக வேண்டியதாயிற்று என்ற பேச்சு அன்றே கிளம்பிவிட்டது. அது அவரைக் கடைசிவரை விடவில்லை.

அதற்கடுத்த ஏழு வருஷம் படிக்கவே கஷ்டமானது. செயின்ட் லூயிஸ் பக்கத்தில் விவசாயம் செய்தார், விளங்கவில்லை. நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். இந்த வறுமைக்கு நடுவேதான் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவர் பெயரில் வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமை இருந்தார். விற்றால் நூற்றுக்கணக்கில் டாலர் கிடைத்திருக்கும், குடும்பம் கொஞ்ச காலம் மூச்சு விட்டிருக்கும். 1859 மார்ச்சில் கிராண்ட் நீதிமன்றத்துக்குப் போய் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்காக அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை, மனைவி குடும்பத்தின் அடிமைகளின் உழைப்பில் அவரும் வாழ்ந்தவர்தான். ஆனாலும் பணம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அதை வேண்டாம் என்றார்.

1860-இல் இலினாய் மாநிலத்தின் கலீனா ஊரில், தம்பிகள் நடத்திய அப்பாவின் தோல் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வயது 38. அங்கிருந்து நான்கே வருஷத்துக்குள், 1864 மார்ச்சில், அமெரிக்க ஒன்றியத்தின் எல்லாப் படைகளுக்கும் தலைவர்.

எப்படி இது நடந்தது? 1861-இல், அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும் வடக்கின் ஒன்றிய அரசுக்கும் போர் வெடித்தபோது பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்குத் தட்டுப்பாடு. கலீனா பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் எலைஹு வாஷ்பர்ன் அவருக்காகப் பேசினார். யாருக்கும் அடங்காத 21-ஆவது இலினாய் ரெஜிமென்ட் கைக்கு வந்தது. மிசௌரியில் ஹாரிஸ் என்ற எதிரிக் கர்னலின் முகாமைத் தாக்கப் போன அனுபவத்தை அவரே எழுதியிருக்கிறார். குன்றின்மேல் ஏற ஏற, நெஞ்சு தொண்டைக்கே வந்துவிட்டது போல் இருந்ததாம். திரும்பிவிடலாம் என்று சொல்லவும் துணிச்சல் இல்லை. உச்சிக்குப் போய்ப் பார்த்தால் முகாம் காலி. தான் ஹாரிஸுக்குப் பயந்த அளவுக்கு ஹாரிஸும் தனக்குப் பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு எதிரியை நினைத்துத் தான் கலங்கியதில்லை என்கிறார். எதிரி என்ன செய்வானோ என்று நடுங்கியே ஒன்றியத்தின் பல ஜெனரல்கள் மாதக்கணக்கில் நகராமல் கிடந்தார்கள். கிராண்ட் நகர்ந்தார். அவருடைய ராணுவத் திறமையின் பாதி இதில்தான் இருக்கிறது.

1862 பிப்ரவரியில் டென்னசியின் டொனல்சன் கோட்டையை வளைத்தார். கோட்டைத் தலைவர் சைமன் பக்னர் சரண் நிபந்தனைகளைப் பேசலாம் என்று ஆள் அனுப்பினார். நிபந்தனையற்ற உடனடிச் சரணடைதலைத் தவிர வேறெதையும் ஏற்க முடியாது என்று பதில் போனது. 12,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் பிடிபட்டார்கள், வடக்கு முழுக்க கிராண்ட் பெயர் பரவியது. இந்தப் பக்னர் அவருடைய வெஸ்ட் பாயின்ட் நண்பர். 1854-இல் கலிஃபோர்னியாவிலிருந்து கையில் காசில்லாமல் நியூயார்க் வந்து இறங்கியபோது ஓட்டல் பாக்கிக்குப் பொறுப்பேற்றுக் காப்பாற்றியவர். கோட்டை விழுந்ததும் கிராண்ட் அவரைத் தனியே அழைத்துப்போய், பணம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள் என்று தன் பணப்பையை நீட்டினார். இதைச் சொன்னவர் பக்னர்தான்.

இனி அந்தக் குற்றச்சாட்டுகள். குடி அவருக்கு வாழ்நாள் போராட்டம், அதில் சந்தேகமில்லை. மனைவி பக்கத்தில் இல்லாதபோது, வேலை ஓய்ந்திருக்கும்போது தடுமாறுவார். அவருடைய உதவியாளர் ஜான் ராலின்ஸ் காவலாளி மாதிரி கூடவே இருந்தார். ஆனால் குடியால் ஒரு சண்டை கெட்டது என்று யாரும் நிரூபித்ததில்லை. ஷைலோவில், 1862 ஏப்ரல் 6 காலை, எதிரியின் தாக்குதலை எதிர்பார்க்காமல் மாட்டிக்கொண்டார். அதற்குக் காரணம் மிதமிஞ்சிய நம்பிக்கை. அன்றிரவு மழையில் நின்றுகொண்டிருந்த அவரிடம், அவர் படையிலிருந்த ஜெனரல் ஷெர்மன் வந்து, இன்றைக்குச் சரியான அடி என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்ல, ஆமாம், நாளைக்கு அவர்களை அடிப்போம் என்றார். அடித்தார். இரண்டு நாளில் இரு தரப்பிலும் சேர்ந்து 23,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள்.

வீரர்களைப் பலி கொடுத்தவர் என்பதற்கு விக்ஸ்பர்க்கே பதில். மிசிசிப்பி ஆற்றின் மேட்டில் இருந்த அந்த நகரத்தைப் பிடிக்கப் பல வழிகளில் முயன்று தோற்றார். கடைசியில் 1863 ஏப்ரலில் படகுகளை இருட்டில் பீரங்கிகளுக்குக் கீழாகவே ஓட்டிவிட்டு, படையை எதிர்க்கரை வழியே தெற்கே நடத்திப்போய், ஆற்றைக் கடந்து பின்பக்கமாக வந்தார். 47 நாள் முற்றுகை. ஜூலை 4 அன்று கிட்டத்தட்ட 30,000 பேர் சரணடைந்தார்கள். ஆறு முழுவதும் ஒன்றியத்தின் கைக்கு வந்தது, தெற்கு இரண்டாகப் பிளந்தது. இன்றும் ராணுவக் கல்லூரிகளில் அந்தப் படையெடுப்பைப் பாடமாக எடுக்கிறார்கள்.

1864-இல் வர்ஜீனியாவில் தென் தரப்பின் தளபதி ராபர்ட் லீயை எதிர்த்தபோது சேதம் பயங்கரம்தான், ஆறு வாரத்தில் ஏறத்தாழ 55,000 பேர். கோல்ட் ஹார்பரில் கடைசித் தாக்குதலுக்கு உத்தரவிட்டதை நினைத்து எப்போதும் வருந்தியதாக அவரே எழுதினார். ஆனால் கையிலிருந்த படையில் எத்தனை பங்கை இழந்தார்கள் என்று பார்த்தால் போர் முழுக்க லீயின் இழப்பு விகிதமே அதிகம். ஆனால் லீயை யாரும் வீரர்களைப் பலி கொடுத்தவர் என்று சொல்வதில்லை. வில்டர்னஸ் காட்டுச் சண்டை முடிந்த மே 7 இரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதுவரை வர்ஜீனியாவில் ஒன்றியப் படை அடி வாங்கினால் வடக்கே திரும்பிவிடும். அன்று கிராண்ட் தெற்கே போகும் பாதையில் குதிரையைத் திருப்பினார். இரண்டு நாளாகச் செத்துப் பிழைத்த வீரர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆரவாரம் செய்தார்கள். தங்களை யார் வீணடிக்கிறார், யார் போரை முடிக்கப் பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போர்க்காலத்தில் அவர் செய்த மன்னிக்க முடியாத காரியம் ஒன்று உண்டு. 1862 டிசம்பரில், பருத்திக் கள்ளக் கடத்தலைத் தடுக்கிறேன் என்று, தன் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என ஆணையிட்டார். லிங்கன் சில வாரங்களில் அதை ரத்து செய்தார். கிராண்ட் பின்னால் வெட்கப்பட்டார், அதிபரானதும் யூதர்கள் பலரை அரசுப் பதவிகளில் அமர்த்தினார். ஆணை ஆணைதான், அது அவர் கணக்கில்தான் எழுதப்படும்.

1865 ஏப்ரல் 9, வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸ். லீ சரணடையும் நாள். ஒரு வீட்டின் கூடம். லீ புது உடுப்பில், அழகிய வாளோடு உட்கார்ந்திருக்கிறார். கிராண்ட் சாதாரணச் சிப்பாயின் மேல்சட்டையில், பூட்ஸில் சேறோடு நுழைகிறார். தோள்பட்டை மட்டும்தான் ஜெனரல் என்று காட்டுகிறது. மெக்சிகோ போர்க்காலக் கதையைப் பேச ஆரம்பித்து, வந்த வேலையையே மறந்துவிட, லீதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. நிபந்தனைகளை கிராண்ட் அங்கேயே எழுதினார். ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கும்வரை அரசு தொந்தரவு செய்யாது. அதிகாரிகள் இடுப்பு ஆயுதத்தை வைத்துக்கொள்ளலாம். சொந்தக் குதிரை வைத்திருக்கும் வீரர்கள் வசந்தகால உழவுக்கு அதை ஓட்டிப் போகலாம். பட்டினியில் இருந்த லீயின் படைக்கு 25,000 பேருக்கான ரேஷன் போனது. ஆவணத்தைச் சுத்தமாக நகலெடுத்தவர் ஈலை பார்க்கர், செனெக்கா பழங்குடியைச் சேர்ந்த அதிகாரி. வெற்றிக் குண்டு முழங்க ஆரம்பித்ததும் கிராண்ட் நிறுத்தச் சொன்னார். இவ்வளவு காலம் வீரத்தோடு போராடிய எதிரியின் வீழ்ச்சியில் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று எழுதியவர், அவர்கள் போராடிய லட்சியம் மனிதர்கள் இதுவரை போராடிய மிக மோசமான லட்சியங்களில் ஒன்று என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதினார். அந்த இரண்டாவது பாதியைத்தான் மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

1868 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றார். தெற்கில் முதன்முறையாக வாக்களித்த லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். பதவி ஏற்கும்போது வயது 46, அதுவரை வந்த அதிபர்களில் மிக இளையவர். 1870-இல் இன அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. நாடு பிறந்ததிலிருந்து நடந்த மிகப் பெரிய நிகழ்ச்சி என்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார்.

சட்டம் காகிதத்தில் வந்துவிட்டது. தெற்கில் என்ன நடந்தது? கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பு இரவில் முகமூடியோடு வீடு புகுந்தது. ஓட்டுப் போட்டவர்களை, பள்ளிக்கூடம் நடத்தியவர்களை, நிலம் வாங்கியவர்களைச் சவுக்கால் அடித்தார்கள், கொன்றார்கள். உள்ளூர் ஷெரிஃபும் ஜூரியும் அவர்கள் ஆட்கள், யாரிடம் போய் முறையிடுவது? 1870-இல் மத்திய நீதித்துறை உருவானது. 1871 ஏப்ரலில் க்ளானுக்கு எதிரான சட்டத்தில் கிராண்ட் கையெழுத்திட்டார். அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்து, படையை அனுப்பி நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்தார். அட்டர்னி ஜெனரல் ஏமஸ் ஏகர்மன் தெற்கில் குடியேறி வாழ்ந்தவர், ஒருகாலத்தில் எதிர்த்தரப்புப் படையில் இருந்தவர். அவரே நேரில் போய் வழக்குகளை முடுக்கினார். கறுப்பின மக்களும் உட்கார்ந்த ஜூரிகளின் முன் க்ளான் ஆட்கள் நின்றார்கள். 1872-க்குள் அந்த இயக்கம் உடைந்தது. அடுத்த நூற்றாண்டில்தான் அந்தப் பெயர் மறுபடி தலைதூக்கியது. 1960-களின் அதிபர் லிண்டன் ஜான்சன் காலம்வரை வேறெந்த அதிபரும் இவ்வளவு தூரம் போகவில்லை. இதையே சாதனை என்கிறேன்.

அப்படியானால் எங்கே சறுக்கினார்? ஆளைக் கணிப்பதில். போர்க்களத்தில் ஷெர்மனையும் ஷெரிடனையும் பொறுக்கி எடுத்த கண், வாஷிங்டனில் வேலை செய்யவில்லை. ஒருவரை நம்பிவிட்டால் கடைசிவரை விட்டுக்கொடுக்க மாட்டார். 1875-இல் விஸ்கி வரி ஏய்ப்புக் கும்பல் பிடிபட்டபோது, குற்றவாளி ஒருவரும் தப்பக் கூடாது என்று எழுதினார். விசாரணை அவருடைய அந்தரங்கச் செயலாளர் ஆர்வில் பேப்காக்கிடம் வந்ததும், அவருக்குச் சாதகமாக அதிபரே வாக்குமூலம் கொடுத்தார். போர்த்துறை அமைச்சர் வில்லியம் பெல்க்னாப் லஞ்சப் புகாரில் பதவி நீக்கத்தைத் தவிர்க்க ஓடிவந்து ராஜினாமா கொடுத்தபோது, யோசிக்காமல் வாங்கிக்கொண்டார். இதற்கெல்லாம் சமாதானம் சொல்ல முடியாது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை ஊழலைவிடப் பெரிய தோல்வி வேறு இரண்டு. 1875-இல் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர்கள்மீது ஆயுதக் கும்பல்கள் பாய்ந்தபோது, ஆளுநர் ஏட்ல்பர்ட் ஏம்ஸ் படை கேட்டார். 1873 பொருளாதாரச் சரிவால் வடக்கு களைத்துப் போயிருந்தது, ஒஹாயோவில் தேர்தல் நெருங்கியிருந்தது. கிராண்ட் தயங்கினார், படை போகவில்லை. மிசிசிப்பி கைவிட்டுப் போனது, மற்ற மாநிலங்கள் அதே வழியைப் பின்பற்றின. இரண்டாவது, பழங்குடி மக்களிடம் சமாதானக் கொள்கை என்று ஆரம்பித்தார், ஈலை பார்க்கரையே அந்தத் துறைக்கு ஆணையராக்கினார். பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம் கிடைத்ததும், 1868 ஒப்பந்தப்படி லகோட்டா மக்களுக்குச் சொந்தமான அந்த நிலத்துக்குள் சுரங்கக்காரர்கள் புகுவதைத் தடுக்க வேண்டாம் என்று 1875 நவம்பரில் வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் முடிவானது. அடுத்த வருஷமே போர் வந்தது. கொடுத்த வாக்கை அறிந்தே மீறிய முடிவு அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் அந்தக் காலத்தை எழுதியபோது, கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததே தவறு என்ற பார்வையில்தான் எழுதினார்கள். அந்தக் கண்ணுக்கு க்ளானை ஒடுக்கியவர் கொடுங்கோலராகத்தான் தெரிவார். 1960-களின் சிவில் உரிமைப் போராட்டத்துக்குப் பிறகே பார்வை மாறியது. அமெரிக்காவின் சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாய்வாளர்களிடம் எடுத்த அதிபர் தரவரிசையில் 2000-இல் அவருக்கு 33-ஆவது இடம், 2021-இல் 20-ஆவது இடம்.

பதவிக்குப் பிறகு உலகம் சுற்றினார், பம்பாய், கல்கத்தாகூட வந்தார். அப்புறம் நியூயார்க்கில் மகன் பங்குதாரராக இருந்த நிதி நிறுவனத்தில் இருந்ததையெல்லாம் போட்டார். அதை நடத்திய ஃபெர்டினான்ட் வார்ட் ஒரு மோசடிக்காரர். 1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை. அவசரமாக 1,50,000 டாலர் வேண்டும் என்று வார்ட் வந்து நின்றார். இடுப்பு அடிபட்டு ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்த கிராண்ட், பெரும் பணக்காரர் வில்லியம் வாண்டர்பில்ட் வீட்டுக்குப் போய்க் கடன் கேட்டார். நிறுவனத்துக்காகத் தர மாட்டேன், உங்களுக்காகத் தருகிறேன் என்று அவர் செக் எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் எல்லாம் போயிற்று. அந்தக் கடனுக்கு ஈடாகப் போர் வாள்கள், பதக்கங்கள் எல்லாவற்றையும் வாண்டர்பில்ட்டிடம் ஒப்படைத்தார். முன்பின் தெரியாத ஒருவர் 500 டாலர் செக் அனுப்பி, 1865 ஏப்ரலில் முடிந்த உங்கள் சேவைக்கு என் பங்கு என்று எழுதியிருந்தார்.

அதே கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது தொண்டையில் உயிர் போகிற வலி. புற்றுநோய். ஜூலியாவைக் கடனில் விட்டுப் போகக் கூடாது என்று போர் நினைவுகளை எழுத உட்கார்ந்தார். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் தன் பதிப்பகத்தில் வெளியிட முன்வந்து, யாரும் தராத அளவுக்கு லாபத்தில் பங்கு தருவதாக ஒப்பந்தம் போட்டார். குரல் போனபின் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். 1885 ஜூலையில் மவுன்ட் மக்ரிகர் வீட்டுக்கு அவரைப் பார்க்க வந்தவர்களில் சைமன் பக்னரும் உண்டு. கையெழுத்துப் பிரதியை முடித்த சில நாளில், ஜூலை 23 அன்று, 63 வயதில் காலமானார். சவப்பெட்டியோடு நடந்தவர்களில் ஷெர்மன், ஷெரிடனோடு எதிரணி ஜெனரல்களான ஜோசஃப் ஜான்ஸ்டனும் பக்னரும் இருந்தார்கள். இரண்டு பாகங்களும் 3,00,000 செட்டுக்கு மேல் விற்றன, ஜூலியாவுக்கு 4,00,000 டாலருக்கு மேல் கிடைத்தது.

மேலே படிக்க விரும்பினால் அந்த நினைவுக் குறிப்புகளிலிருந்தே தொடங்குங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுற்றி வளைக்காத எளிய ஆங்கிலம். ஹாரிஸ் முகாமுக்குப் போகும் அத்தியாயத்தை முதலில் எடுத்தால் ஆள் பிடிபட்டுவிடுவார். ஒன்று மட்டும்: அந்தப் புத்தகம் போரோடு முடிந்துவிடுகிறது. எட்டு வருஷ ஆட்சியைப் பற்றி அவர் தன் தரப்பை எழுதவே இல்லை. அதனால் க்ளான் வழக்குகளுக்கும் மிசிசிப்பிக்கும், போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி 1960-களுக்குப் பிறகு வந்த ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள்.